ஒரு கலியாணம், இரண்டு அழைப்பிதழ்கள்

சம்பந்தி வீட்டார் தட்டத்தோடு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் மச்சாள் அழைப்பிதழை உறையிலிருந்து எடுத்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உறையின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் பூசியிருந்தார்கள். அது கையில் ஒட்டாதபடி விளிம்பை மட்டும் பிடித்து இழுத்தார். முன்பக்கத்துப் பிள்ளையாரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைத் தேடப் பொறுமையில்லாமல், அட்டையைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து வாசித்தார். மணமகளின் பெற்றோர் பெயர் இருந்த வரிக்கு வந்ததும் பெருவிரல் நின்றுவிட்டது. அந்த வரி 'அமரர்' என்று தொடங்கியது. பிறகு அவருடைய கணவரின் பெயர், அதற்குப் பிறகு அவருடைய பெயர். விரல் அந்த முதற்சொல்லின் மேலேயே கிடந்தது. பிறகு அட்டையை உறைக்குள் போட்டார். "நல்ல வடிவாய் அடிச்சிருக்கிறியள்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் போட எழுந்து போனார்.

நான் நாட்குறிப்பு எழுதுகிறவள். லண்டனில் ஒரு கவுன்சிலில் சம்பளப் பிரிவில் வேலை. எதையும் அன்றன்றே குறித்து வைக்காவிட்டால் எனக்கு நித்திரை வராது. அன்றைய பக்கத்தில் மூன்று வசனங்கள்தான் இருக்கின்றன: மழை. சம்பந்திகள் வந்து போனார்கள். மச்சாள் பாலைப் பொங்கி வழியவிட்டார். முதல் இரண்டும் எந்த வீட்டிலும் நடப்பவை. மூன்றாவது எங்கள் வீட்டில் அதற்கு முன்னர் நடந்ததில்லை.

எங்கள் ஆட்களின் கலியாணங்களில் மாப்பிள்ளை வீட்டார் ஓர் அழைப்பிதழும் பெண் வீட்டார் ஓர் அழைப்பிதழும் தனித்தனியே அச்சடிப்பது வழக்கம். இரண்டிலும் இரண்டு பக்கத்துப் பெற்றோரின் பெயர்களும் இருக்கும். எங்கள் பக்கத்து அட்டைகள் முன்னரே வந்து, படிக்கட்டுக்குக் கீழே பெட்டியில் இருந்தன. அவற்றில் மச்சாளின் கணவர் பெயருக்கு முன்னால் எதுவும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் விம்பிள்டனில் இருப்பவர்கள். அவர்கள் தங்கள் பக்கத்து அட்டையை அங்கேயே ஒருவரிடம் கொடுத்து அடித்திருந்தார்கள். ஒத்துப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பக்கத்திலும் யாருக்கும் தோன்றவில்லை. ஊரில் நேர்ந்த சாவுகளும் பிறப்புகளும் எல்லாருக்கும் தெரிந்திருந்த காலத்தில் உண்டான வழக்கம் அது. யார் உயிரோடு இருக்கிறார் என்பதில் இரண்டு வீட்டாருக்கும் இரண்டு கருத்து இருக்கலாம் என்று அந்தக் காலத்தில் எவர் நினைத்திருப்பார்?

மச்சாள் என் கணவரின் அக்கா. இல்ஃபோர்டில் எங்கள் வீட்டின் மேல் அறையில்தான் அவரும் மகளும் வந்த நாளிலிருந்து இருந்தார்கள். அவருடைய கணவர், எனக்கு அண்ணை முறை, வன்னியில் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். நான் அவரை நேரில் கண்டதில்லை. போரின் கடைசி நாட்களில் குடும்பத்தோடு கடலேரித் தண்ணீரைக் கடந்து இராணுவத்தின் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறார்கள். சோதனை நடந்த வெளியில் ஆண்களை ஒரு பக்கமாக நிற்கச் சொன்னார்களாம். அண்ணை தோளிலிருந்த மகளை இறக்கி மச்சாளிடம் கொடுத்து, "நீ பிள்ளையோடை முன்னாலை போ, நான் வாறன்" என்று சொல்லியிருக்கிறார். பெண்களை ஏற்றிய பஸ் புறப்பட்டபோது யன்னலால் அவருடைய முதுகு தெரிந்தது. தனக்கு முன்னால் நின்ற கிழவருக்குத் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். பிறகு முகாம், படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கந்தோர் கந்தோராக ஏறியது, அப்படி ஒருவர் எங்கள் பதிவில் இல்லை என்ற பதில். மரணச் சான்றிதழ் தருகிறோம், வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஓர் இடத்தில் சொன்னபோது மச்சாள் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டாராம். "வாறன் எண்டு சொன்ன மனுசனுக்குத் திவசம் குடுக்க ஏலுமோ?" என்று கேட்பார். யாரும் அவரிடம் திவசத்தைப் பற்றிப் பேசியிருக்கமாட்டார்கள். அவராகவே கேட்பார், மரக்கறி வெட்டிக்கொண்டிருக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது.

ஆகவே தாலி கழுத்தில் இருந்தது. பொட்டு இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடிந்து வந்து, முழுகி, ரயில் மாறி ஆர்ச்வே போய், முருகன் கோயிலில் அண்ணையின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்துவிட்டு வருவார். இருப்பவர்களுக்குச் செய்கிற அர்ச்சனை அது. ஆடி அமாவாசை தகப்பனை இழந்தவர்கள் விரதம் இருக்கிற நாள். என் கணவர் தன் தகப்பனுக்காக விரதம் இருப்பார். அதற்கு வேண்டிய அத்தனை கறிகளையும் மச்சாள்தான் சமைப்பார். சமைத்து முடித்ததும் அதே அடுப்பில் வேறு தாச்சியை வைத்து மகளுக்கு முட்டை பொரிப்பார். "அப்பா இருக்கிற பிள்ளைக்கு இண்டைக்கு விரதமில்லை" என்று தட்டை அவள் முன்னால் வைப்பார். விரத நாளில் வீடெல்லாம் முட்டை மணக்கும். என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பார். அவள் சிறுபிள்ளையாக இருந்த காலத்திலும் பிறகு வங்கியில் வேலைக்குப் போகத் தொடங்கிய பின்னரும், அந்த முட்டையை ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

சம்பந்திகள் போன பிறகு அழைப்பிதழ் மேசையில் கிடந்தது. நல்ல மனம் கொண்டவர், ஆனால் எதையும் கையால் திருத்திவிடலாம் என்று நம்புகிற என் கணவர், மறுநாள் கடையிலிருந்து எழுத்தை அழிக்கிற வெள்ளை நாடா வாங்கி வந்தார். எல்லா அட்டைகளையும் திருப்பி வாங்கி அந்தச் சொல்லின் மேல் ஒட்டிவிடலாம் என்பது அவருடைய திட்டம். மச்சாள் அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். "அவை சாகடிச்ச மனுசனை நீ வெள்ளை பூசி எழுப்பப் போறியோடா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் நாடாவை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "பிள்ளை, நான் ஒண்டு கேக்கிறன். அந்தக் கார்ட்டை வாசிச்சுப்போட்டு கலியாண ஹோலுக்கு வாற சனத்துக்கு முன்னாலை நான் எந்தக் கோலத்திலை போய் நிக்கிறது? பொட்டோடை நிண்டால் 'புருசன் செத்தும் பொட்டு வைச்சிருக்கிறா' எண்டுவினம். பொட்டை அழிச்சுப்போட்டு நிண்டால் நானே அவரைக் கொண்டு போய்ப் புதைச்ச மாதிரி. நான் வராமல் விடுறன். நீங்கள் ரெண்டு பேரும் நிண்டு செய்யுங்கோ."

ஒரே மகளின் கலியாணத்துக்குத் தாய் வரமாட்டேன் என்கிறார். என் கணவர் உடனே விம்பிள்டனுக்குப் போன் எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார். சம்பந்தி உரத்துப் பேசுகிற, சூதில்லாத மனிதர்.

"தம்பி, குறை நினையாதேங்கோ. அச்சடிக்கிறவன் கேட்டவன், பொம்பிளையின்ரை தேப்பன் இருக்கிறாரோ இல்லையோ எண்டு. இவன் மோன்தான் சொன்னவன், சண்டையிலை செத்தவர் எண்டு. நாங்கள் என்ன கனவே கண்டனாங்கள்? அதோடை பாருங்கோ, பேர் சும்மா நிண்டு ஆள் ஹோலிலை இல்லையெண்டால் சனம் விடுமே? 'எங்கை அந்தாள், வேறை ஆரோடையும் போட்டுதோ?' எண்டு சோத்துக்கையோடை கேக்கும். எங்கடை சனத்தை உங்களுக்குத் தெரியாதே?"

"அண்ணை, மருமோனுக்கு அதை ஆர் சொன்னது?" என்று மச்சாள் மேசையை நோக்கிக் குனிந்து கேட்டார்.

"ஆர் சொல்லுறது தங்கச்சி? உங்கடை மகள்தான்" என்றார் சம்பந்தி.

மகள் அன்று வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றும் முன்னரே எங்கள் முகங்களைப் பார்த்துப் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"நான்தான் சொன்னனான் அம்மா."

"எப்ப தொடக்கம் இப்பிடிச் சொல்லுறாய்?"

"ஸ்கூல்ல இருந்து." அவளுடைய தமிழ் கோபம் வரும்போது வேகமாகும், அன்று மெதுவாகத்தான் பேசினாள். "முதல் மிஸ்ஸிங் எண்டுதான் சொன்னனான். ஒருத்தி கேட்டாள், 'உன்ர டாட் உங்களை விட்டிட்டு ஓடிட்டாரா?' எண்டு. இன்னொருத்தி, 'போஸ்டர் ஒட்டினீங்களா?' எண்டு கேட்டாள், பூனை துலைஞ்ச மாதிரி. பிறகு ஒருநாள் டெட் எண்டு சொல்லிப் பாத்தன். ஸொறி எண்டிட்டு விட்டிட்டினம். அதுக்குப் பிறகு ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. எனக்கு அது போதும் போல இருந்தது."

"ஆடி அமாவாசைக்கு முட்டை பொரிச்சுத் தந்தனான். சாப்பிட்டனி."

"உங்களுக்காகச் சாப்பிட்டனான்."

மச்சாள் மகளின் தோளிலிருந்த பையைத் தானே இறக்கிச் சுவரோடு வைத்தார். "கையைக் கழுவிப்போட்டு வா, சோறு ஆறுது" என்றார்.

அந்தச் சாப்பாட்டை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. தாயும் மகளும் ஒரே மனிதரைப் பற்றி, ஒருவர் இருக்கிறார் என்றும் மற்றவர் இல்லை என்றும், அத்தனை வருடமாக ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டே சொல்லி வந்திருக்கிறார்கள். இருவரும் பொய்க்காரர்கள் அல்லர். தாய்க்கு 'இருக்கிறார்' என்ற சொல் காலையில் கட்டிலை விட்டு எழும்பத் தேவையாக இருந்தது. மகளுக்கு 'இல்லை' என்ற சொல் பள்ளிக்கூட வாசலைக் கடக்கத் தேவையாக இருந்தது. போர் எந்த நாளில் ஓய்ந்தது என்று கேட்டால் எங்களில் யாரும் திகதி சொல்லிவிடுவோம். வெடிச்சத்தம் ஓய்ந்த நாள் அது. பிள்ளையிடம் "உன் அப்பா எங்கே?" என்று வகுப்பில் கேட்கிறபோது ஒரு குடும்பம் என்ன சொல்வது என்ற கேள்வி ஓயவே இல்லை. செத்தவர்களுக்கு எங்களிடம் எல்லாம் இருக்கிறது: எட்டாம் நாள் செலவுச் சடங்கு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, திதி, படையல், சுவரில் மாலை போட்ட படம். உயிரோடு இருப்பவர்களுக்கு அர்ச்சனை இருக்கிறது, பிறந்தநாள் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவருக்கு எங்கள் சமயத்தில் ஒரு பூவைக் கூட எங்கே வைப்பது என்று வழி சொல்லியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆகவே ஆளாளுக்கு ஒரு பக்கத்துக்குத் தள்ளிவிட்டுக்கொண்டோம்.

சம்பந்தி புது அட்டை அடிக்கத் தயாராக இருந்தார். மச்சாள் வேண்டாம் என்றுவிட்டார். அவர்கள் பக்கத்து அட்டை அவர்கள் ஆட்களுக்கும் எங்கள் பக்கத்து அட்டை எங்கள் ஆட்களுக்கும் போனது. ஒரே கலியாணத்துக்கு லண்டன் முழுவதிலும் இரண்டு விதமான அழைப்பிதழ்கள், ஒன்றில் அண்ணை இறந்துபோயும் மற்றதில் உயிரோடும். அந்த வெள்ளிக்கிழமை நானும் மச்சாளோடு ஆர்ச்வேக்குப் போனேன். அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது மகளின் பெயரை மட்டும் சொன்னார். அண்ணையின் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. கலியாணத்துக்கு வருவாரா என்றும் கேட்கவில்லை. திரும்பும்போது ரயிலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நித்திரை இல்லை என்பது விரல்கள் அசைந்ததில் தெரிந்தது.

கலியாணத்தன்று காலையில் நான் மணப்பெண்ணுக்குச் சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டிருந்தபோது மேல் அறைக் கதவு திறந்தது. மச்சாள் மாம்பழ நிறத்தில் சேலை உடுத்தியிருந்தார். நெற்றியில் பொட்டு, என்றும் வைக்கிற அளவுதான். கலியாணத்துக்கென்று பெரிதாக்கவும் இல்லை, சின்னதாக்கவும் இல்லை. பெண் கண்ணாடியில் தாயைப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினாள். "மை கரையுது, விசரி. உந்த மேக்கப்காரிக்கு என்ன குடுத்தனியள் எண்டு எனக்குத் தெரியும், அழாதை" என்று தாய் அதட்டினார். வருகிறேன் என்றோ ஏன் வருகிறேன் என்றோ அவர் சொல்லவில்லை. கார் வந்ததும் எங்களுக்கு முன்னால் போய் ஏறிக்கொண்டார்.

தாரை வார்க்கத் தாயும் தகப்பனும் சோடியாக நிற்க வேண்டும் என்பதால், நானும் என் கணவரும் பெற்றோர் இடத்தில் மணவறையில் நின்றோம். மச்சாள் கீழே, முதல் வரிசையில் இருந்தார். கன்னிகாதானத்துக்கு முன்னால் இரண்டு பக்கத்துப் பரம்பரையையும் பெயர் சொல்லிக் கூற வேண்டும். இருப்பவரையும் இறந்தவரையும் வேறு வேறாகச் சொல்வது வழக்கம் என்று ஐயர் முதலிலேயே விளக்கியிருந்தார். பெயர்களை வாசிக்க வசதியாக இருக்கட்டும் என்று யாரோ அவர் கையில் இரண்டு அழைப்பிதழ்களையும் கொடுத்திருந்தார்கள். ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார். சட்டையில்லாத மார்பின் குறுக்கே மைக்கின் கம்பி கிடந்தது. அவர் மெதுவாகக் கேட்டதும் ஹோல் முழுவதற்கும் கேட்டது.

"இதிலை அமரர் எண்டு கிடக்கு, இதிலை இல்லை. எது சரி?"

சம்பந்தி நாற்காலியிலிருந்து எழும்பினார். என் கணவர் தொண்டையைச் செருமினார். மணப்பெண் தலையை நிமிர்த்தித் தாயைப் பார்த்தாள். அவள் வாய் திறந்தது. எந்தச் சொல்லைச் சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. தாய்க்காக 'இருக்கிறார்' என்று சொல்லியிருப்பாள் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அதற்குள் மச்சாள் எழும்பி நின்றார்.

"தெரியாது ஐயா" என்றார்.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டதில்லை. மச்சாளின் குரல் உடையவில்லை. "இருக்கிறாரோ இல்லையோ எண்டு எங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது."

ஐயர் நடுவயதுக்காரர், யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். இரண்டு அட்டைகளையும் மடித்துத் தட்டத்துக்குக் கீழே வைத்தார். "அப்ப பேரை மட்டும் சொல்லுறன் அம்மா. முன்னாலையும் பின்னாலையும் ஒண்டும் வேண்டாம். நீங்களும் மேலை வந்து கிட்ட நில்லுங்கோ" என்றார். மச்சாள் படியேறி வந்து என் பக்கத்தில் நின்றார். நான் செம்பைச் சரித்து நீர் வார்த்தபோது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நீர் விழுந்து முடியும்வரை பிடி தளரவில்லை. ஐயர் அண்ணையின் பெயரைச் சொன்னார். வெறும் பெயர். அத்தனை பெயர்களுக்கு நடுவில் அது ஒன்றுதான் என் காதில் விழுந்தது.

சாப்பாட்டின்போது சம்பந்தி பயந்த அளவுக்கு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பெரியவர் மட்டும், மாப்பிள்ளை பக்கத்து உறவினராம், வாழையிலையை மடித்துவிட்டு மச்சாள் இருந்த இடத்துக்கு வந்தார். கை கழுவிய ஈரம் காயவில்லை. "பிள்ளை, என்ரை கடைசி மோனும் அப்பிடித்தான். நான் ஆர் கேட்டாலும் கனடாவிலை இருக்கிறான் எண்டு சொல்லுறனான்" என்றார். மச்சாள் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டார். அவர் நீண்ட நேரம் இருந்து கதைத்தார். நான் பாயசம் கொண்டு போய் வைத்தபோது அந்த மகன் சைக்கிள் பழகிய கதை நடந்துகொண்டிருந்தது.

இதெல்லாம் நடந்து சில காலம் ஆகிவிட்டது. மகள் இப்போது பிள்ளைத்தாய்ச்சி. போன மாதம் முதல் தடவையாக ஆஸ்பத்திரிக்குப் பதியப் போனபோது தாயையும் கூட்டிப் போனாள். கார் ஓட்டியவள் நான் என்பதால் நானும் உள்ளே போய் இருந்தேன். மருத்துவத்தாதி நல்ல சிரித்த முகம். கணினியைப் பார்த்துக்கொண்டு கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போனாள். தாயின் உடல்நிலை, மாமியாரின் உடல்நிலை. பிறகு, உங்கள் தகப்பன் இருக்கிறாரா, அவருக்கு ஏதும் நோய் வருத்தம் உண்டா என்று கேட்டாள்.

"தெரியாது" என்று மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். போரில் அவரைப் பிரிந்ததையும் சொன்னாள். பிறகு தாயின் பக்கம் திரும்பி, "அம்மா, அப்பாக்கு சுகர், பிரஷர் ஏதும் இருந்ததா?" என்று கேட்டாள். அவள் தாயிடம் அண்ணையைப் பற்றித் தானாக ஒன்றைக் கேட்டதை அன்றுதான் கண்டேன்.

மச்சாள் யோசித்தார். இப்படி ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதில் அவருக்கு ஒரு கவனம் இருந்தது. பேரப்பிள்ளையின் விஷயம் அல்லவா.

"அப்ப ஒண்டும் இல்லை. நல்ல சுகதேகி. ஆனா அவரின்ரை தேப்பனுக்குச் சீனி வருத்தம் இருந்தது, அறுபதுக்குப் பிறகுதான் வந்தது. இவருக்கும் இப்ப அறுபது தாண்டியிருக்கும். இருந்தா, வந்திருக்கும். அப்பிடியே சொல்லு."

மகள் சொன்னாள். ஒன்றையும் விடாமல், அறுபது தாண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.